வீடியோவோடு சேர்ந்து வரும் புரியாத ஃபைல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவின் மெமரி கார்டையோ பழைய ஹார்ட் டிஸ்க்கையோ திறந்தால், எடுத்த வீடியோ பத்து என்றால் உள்ளே இருக்கும் ஃபைல் முப்பது. எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்றால் பார்த்ததும் தெரிகிறது. டிஹெச்எம், எம்ஓஐ, என்எஃப்ஓ என்றெல்லாம் வரும்போதுதான் கை தயங்குகிறது. பலர் இந்த இடத்தில் "வீடியோ இருந்தால் போதும்" என்று மற்றதையெல்லாம் அழித்துவிடுகிறார்கள். சில சமயம் அதனால் ஒன்றும் ஆகாது. சில சமயம் படம் பிடித்த தேதி, வசனம், இரண்டு துண்டுகள் சேரும் இடம் பற்றிய விவரம் எல்லாம் அதோடு போய்விடும். போனது திரும்பாது. அதனால் அழிப்பதற்கு முன் எது என்னவென்று பார்த்துவிடுவோம்.

எக்ஸ்டென்ஷனைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுமா?

ஓரளவுக்குத்தான். பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் மூன்று நான்கு எழுத்துகளை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். எந்த புரோகிராமில் திறப்பது என்று கம்ப்யூட்டர் அதை வைத்து முடிவு செய்கிறது, அவ்வளவுதான். எம்கேவி ஃபைலுக்கு எம்பி4 என்று பெயர் வைத்தால் உள்ளே இருப்பது மாறாது. ஒரே எக்ஸ்டென்ஷனைச் சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைக்குப் பயன்படுத்துவதும் உண்டு. 'சப்' என்று முடியும் ஃபைல் ஓரிடத்தில் வெறும் எழுத்து, இன்னோரிடத்தில் முழுக்கப் படங்கள்.

விண்டோஸில் தெரிந்த எக்ஸ்டென்ஷன்கள் மறைந்தே இருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஷோ என்பதற்குள் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் ஃபைண்டர் அமைப்புகளில் அட்வான்ஸ்டு பகுதியில் இது இருக்கிறது. இது இல்லாமல் கீழே சொல்வது எதையும் சரிபார்க்க முடியாது.

தெரியாத ஃபைலைப் பார்த்தால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயம். ஒன்று, பெயர்: புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதி வீடியோவின் பெயரோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் அது அந்த வீடியோவுக்கான துணை ஃபைல். இரண்டு, அளவு: சில கேபி என்றால் எழுத்தோ குறிப்போ, சில எம்பி என்றால் படமோ ஒலியோ சிறிய வீடியோவோ இருக்கலாம். மூன்று, தேதி: வீடியோ பதிவான அதே நேரத்தில் உருவானதா, பிறகு ஏதோ ஒரு புரோகிராம் உருவாக்கியதா?

இதெல்லாம் பார்த்த பிறகு கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: வீடியோவுக்குள் இல்லாத எதையாவது இந்த ஃபைல் வைத்திருக்கிறதா? ஆம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவிலிருந்து மறுபடி உருவாக்கக்கூடியது என்றால் அழிக்கலாம்.

எஸ்ஆர்டி என்பது என்ன? எதில் திறப்பது?

சப்டைட்டில். வெறும் எழுத்து ஃபைல் என்பதால் நோட்பேடிலேயே திறக்கலாம். உள்ளே இப்படி இருக்கும்:

14
00:01:12,400 --> 00:01:15,000
கதவைத் திற, நேரமாகிறது.

வரிசை எண், வசனம் தோன்றும் நேரம், மறையும் நேரம், வசனம். அதற்குப் பிறகு ஒரு வெற்று வரி. விநாடிக்குப் பிறகு வருவது காற்புள்ளி. அங்கே புள்ளி வைத்தால் சில பிளேயர்கள் அந்த வரியை ஏற்பதில்லை. விடிடி என்ற இன்னொரு வகை பார்க்க இதேபோல்தான் இருக்கும், ஆனால் அதில் புள்ளிதான் வரும். ஏஎஸ்எஸ், எஸ்எஸ்ஏ வகைகளில் எழுத்துரு, நிறம், திரையில் எந்த இடம் என்பதெல்லாம் கூடுதலாக இருக்கும்.

வீடியோவின் பெயரும் எஸ்ஆர்டியின் பெயரும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலான பிளேயர்கள் தாமாகவே எடுத்துக்கொள்ளும். வீடியோவின் பெயரை மட்டும் அழகாக மாற்றிவிட்டு, சப்டைட்டில் காணவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சப்டைட்டில் வருகிறது, ஆனால் வசனத்தோடு ஒட்டவில்லையே?

எப்படி ஒட்டவில்லை என்று பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு முன்னால் அல்லது பின்னால் இருந்தால் எளிது. விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஜி, ஹெச் விசைகளை அழுத்தி நகர்த்தலாம்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகினால் அது வேறு கோளாறு. சப்டைட்டில் விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்காகச் செய்யப்பட்டிருக்கும், உங்களிடம் இருப்பது 23.976 ஃபிரேம் பிரதியாக இருக்கும். இந்த வித்தியாசத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகல் வரும். நகர்த்திப் பயனில்லை, மொத்தத்தையும் நீட்டவோ சுருக்கவோ வேண்டும். சப்டைட்டில் எடிட் போன்ற இலவச புரோகிராம்களில் ஃபிரேம் ரேட் மாற்றும் வசதி இருக்கிறது.

தமிழ் சப்டைட்டில் குப்பையாகத் தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

குப்பை எந்த மாதிரி என்பதைப் பொறுத்தது. மேலே சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால் கவலை வேண்டாம். தமிழ் எழுத்துகள் உள்ளே பத்திரமாக யூடிஎஃப்-8 என்ற, எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறையில் இருக்கின்றன, பிளேயர்தான் வேறு முறை என்று நினைத்துப் படிக்கிறது. பிளேயரின் சப்டைட்டில் அமைப்பில் யூடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும். கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்து இல்லாத எழுத்துருவில் காட்டுகிறது என்று பொருள். எழுத்துருவை மாற்றினால் போதும்.

கேள்விக்குறியாக வந்தால் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் யாரோ அதைத் தமிழுக்கு இடமில்லாத ஏஎன்எஸ்ஐ என்ற பழைய முறையில் சேமித்துவிட்டார்கள். அப்போதே தமிழ் அழிந்துவிட்டது; மீட்க வழியில்லை. எனவே சப்டைட்டிலைத் திருத்திவிட்டுச் சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரே ஒரு கவனக்குறைவான சேமிப்பில் ஒருவரின் பல நாள் மொழிபெயர்ப்பு உழைப்பு போய்விடும்.

ஐடிஎக்ஸ், சப் என்று இரண்டு ஃபைல் சேர்ந்து வருகின்றன. இரண்டும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். இவை டிவிடியிலிருந்து எடுத்த சப்டைட்டில். சப் ஃபைலில் வசனங்கள் சிறு சிறு படங்களாக இருக்கும். எந்தப் படம் எந்த நேரத்தில், எந்த நிறத்தில் என்பது ஐடிஎக்ஸில் எழுத்தாக இருக்கும். ஐடிஎக்ஸ் சிறியது என்று அழித்தால் மற்றதைப் பெரும்பாலான பிளேயர்கள் சரியாகக் காட்டாது. ஆனால் சப் ஃபைல் தனியாக வந்து, நோட்பேடில் வசனம் படிக்க முடிந்தால் அது மைக்ரோடிவிடி என்ற வேறு வகை. அது தனியாகவே இயங்கும்.

என்எஃப்ஓ ஃபைலைத் திறந்தால் விண்டோஸ் ஏதோ சிஸ்டம் தகவல் என்று பிழை காட்டுகிறதே?

விண்டோஸ் தன் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் அறிக்கைக்கும் இதே எக்ஸ்டென்ஷனை வைத்திருப்பதால் வரும் குழப்பம். நோட்பேடில் திறங்கள். 'கோடி' (Kodi) போன்ற மீடியா புரோகிராம் எழுதியது என்றால் தலைப்பு, ஆண்டு, நடிகர்கள், கதைச்சுருக்கம் உள்ளே இருக்கும். நீங்களே கையால் திருத்திய விவரங்கள் அதில் இருந்தால் அழிக்காதீர்கள்.

கோப்ரோ கார்டில் டிஹெச்எம், எல்ஆர்வி என்று இருக்கின்றனவே?

டிஹெச்எம் என்பது முகப்புப் படம். பெயரை ஜேபிஜி என்று மாற்றினால் படமாகத் திறக்கும். எல்ஆர்வி என்பது அதே வீடியோவின் தரம் குறைந்த பிரதி. கேமராவிலும் ஃபோனிலும் சட்டென்று ஓட்டிப் பார்க்க அதைத் தனியாகப் பதிவு செய்கிறது. எம்பி4 என்று பெயர் மாற்றினால் ஓடும். புதிய மாடல்களில் ஜிஎக்ஸ்010045 என்ற வீடியோவுக்கு ஜிஎல்010045 என்று எல்ஆர்வி இருக்கும். முதல் இரண்டு எழுத்து மாறுவதால் ஜோடி என்று தெரியாமல் போகும்.

அசல் வீடியோ பத்திரமாக இருந்தால் இரண்டையும் அழிக்கலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அசல் கெட்டுப்போன நிலையில் எல்ஆர்வி மட்டும் ஓடும் நிலையில் கிடைப்பதுண்டு. தரம் குறைவு என்றாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். அதனால் அசலை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகே அழியுங்கள்.

அப்புறம், ஜிஎக்ஸ்010045, ஜிஎக்ஸ்020045 என்று வருவது இரண்டு தனி வீடியோ இல்லை. ஒரே பதிவின் முதல் துண்டும் இரண்டாம் துண்டும். கடைசி நான்கு எண் பதிவைக் குறிக்கிறது, அதற்கு முன் உள்ள இரண்டு எண் துண்டைக் குறிக்கிறது. பெயர்வாரியாக அடுக்கினால் துண்டுகள் சிதறிப்போகும்.

டிரோன் வீடியோவோடு எஸ்ஆர்டி வருகிறது. அதில் வசனமே இல்லையே?

டிஜேஐ டிரோன்களில் வீடியோ கேப்ஷன் வசதியை ஆன் செய்திருந்தால் இது வரும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் என்று அந்தந்த நொடிக்கான பறத்தல் விவரங்கள் உள்ளே இருக்கும். எங்கே பறந்தது என்று பின்னாளில் தேடும்போது பொக்கிஷம். அதே காரணத்தால் வீடியோவை மற்றவருக்குக் கொடுக்கும்போது இதையும் கொடுக்கலாமா என்று யோசியுங்கள். வீட்டு மாடியிலிருந்து பறக்கவிட்டிருந்தால் வீடு இருக்கும் இடம் அதில் துல்லியமாக இருக்கும்.

கேம்கார்டர் கார்டில் எம்டிஎஸ் ஃபைல்களைச் சுற்றி ஏகப்பட்ட ஃபோல்டர்கள். எம்டிஎஸ் மட்டும் எடுத்தால் போதாதா?

போதாது. குடும்ப வீடியோக்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

இந்த அமைப்பின் பெயர் ஏவிசிஹெச்டி. சோனியும் பானாசோனிக்கும் 2006-ல் கொண்டுவந்தது. பிடிஎம்வி என்ற ஃபோல்டருக்குள் ஸ்ட்ரீம், கிளிப்இன்ஃப், பிளேலிஸ்ட் என்று மூன்று ஃபோல்டர் இருக்கும். ஸ்ட்ரீமில் எம்டிஎஸ் வீடியோக்கள். கிளிப்இன்ஃபில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு சிபிஐ ஃபைல். பிளேலிஸ்ட்டில் எம்பிஎல். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற கணக்கு இந்தச் சின்ன ஃபைல்களில்தான் இருக்கிறது.

கார்டுகளில் இருந்த எஃப்ஏடி32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் ஒரு மணி நேர நடன நிகழ்ச்சியை நிறுத்தாமல் எடுத்தாலும் கேமரா அதைப் பல எம்டிஎஸ் துண்டுகளாக வெட்டிவைக்கும். அந்தத் துண்டுகளைத் தனித்தனியாக எடிட்டிங் புரோகிராமில் போட்டு ஒட்டினால் சேரும் இடத்தில் ஒலி ஒரு கணம் துண்டிக்கப்படலாம். மொத்த ஃபோல்டரும் இருந்து, இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளும் புரோகிராம் வழியாக இம்போர்ட் செய்தால் ஒரே வீடியோவாக வரும்.

இன்னொரு ஆபத்து: கார்டை ஃபார்மேட் செய்த பிறகு பல கேமராக்கள் மறுபடி 00000 என்ற எண்ணிலிருந்தே தொடங்கும். இரண்டு கார்டிலிருந்து எடுத்த எம்டிஎஸ் ஃபைல்களை ஒரே இடத்தில் கொட்டினால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்பட்டு, முந்தையது அழிந்துவிடும். ஒவ்வொரு கார்டுக்கும் தேதி போட்ட தனி ஃபோல்டர் போட்டு, அதற்குள் கார்டில் இருப்பதை அப்படியே முழுதாகக் காப்பி செய்யுங்கள். உள்ளே எதையும் பெயர் மாற்றாதீர்கள்.

எம்ஓடி, எம்ஓஐ?

ஏவிசிஹெச்டிக்கு முந்தைய சில கேம்கார்டர்களின் வகை. எம்ஓடி என்பது எம்பெக்-2 வீடியோ. எம்பிஜி என்று பெயர் மாற்றினாலே பல பிளேயர்களில் ஓடும். எம்ஓஐ மிகச் சிறியது. பதிவான தேதியும் அகலத்திரை வீடியோவா என்ற குறிப்பும் அதில் இருக்கும். அகலத்திரையில் எடுத்தது நெருக்கிப் பிடித்ததுபோல் ஒல்லியாகத் தெரிந்தால் அந்தக் குறிப்பு வீடியோவுக்குப் போய்ச்சேரவில்லை என்று பொருள்.

சோனி கேமராவில் சி0001 வீடியோவுக்கு சி0001எம்01 என்று ஒரு எக்ஸ்எம்எல் இருக்கிறது. வேண்டுமா?

வைத்துக்கொள்ளுங்கள். கேமரா மாடல், பதிவான நேரம், டைம்கோட் போன்றவை அதில் இருக்கும். சில கேபிதான். இதே கேமராக்களில் ஆர்எஸ்வி என்று ஒரு ஃபைல் தெரிந்தால் மட்டும் உஷாராகுங்கள். பதிவு ஒழுங்காக முடியாமல் பாதியில் நின்றிருக்கிறது. அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் பதிவு செய்யாமல், முதலில் அதை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அதே கேமராவில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

டிவிடி ஃபோல்டரில் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி?

விஓபியில் படமும் ஒலியும். ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாதபடி வெட்டப்பட்டிருக்கும். ஐஎஃப்ஓவில் அத்தியாயங்கள், ஒலியின் மொழி, சப்டைட்டில் நிறம். பியுபி என்பது ஐஎஃப்ஓவின் நகல். டிஸ்க்கில் கீறல் விழுந்து ஐஎஃப்ஓவைப் படிக்க முடியாமல் போனால் உதவும். ஃபோல்டரை முழுதாக வைத்திருங்கள். விஎல்சியில் ஃபோல்டரையே திறந்தால் மெனுவோடு ஓடும்.

டவுன்லோடு செய்த இடத்தில் சிஆர்டவுன்லோடு, பார்ட் என்று ஃபைல்கள்?

முடியாத டவுன்லோடு. முதலாவது குரோம் வைப்பது. ஃபயர்ஃபாக்ஸ் பார்ட் என்று வைக்கும். கூடவே சரியான பெயரில் பூஜ்ஜியம் அளவுள்ள ஒரு வெற்று ஃபைலும் இருக்கும், அதைத் திறந்துவிட்டு வீடியோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஏரியா2 என்று முடியும் சிறு ஃபைல், அதே பெயருள்ள டவுன்லோடு புரோகிராம் எதுவரை இறங்கியது என்று வைக்கும் கணக்கு. அதை அழித்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

பெயரை மாற்றி ஓட்டிப் பார்க்கலாமா? எம்கேவி என்றால் இறங்கிய வரை ஓட வாய்ப்புண்டு. எம்பி4 பெரும்பாலும் ஓடாது. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பல எம்பி4 ஃபைல்களில் கடைசியில் இருப்பதே காரணம்.

மேக்கிலிருந்து வந்த பென் டிரைவில், புள்ளியும் அடிக்கோடும் போட்டு ஒவ்வொரு வீடியோவுக்கும் இன்னொன்று இருக்கிறதே?

மேக் தன் கூடுதல் விவரங்களை வைக்கும் இடம். பெரும்பாலும் 4 கேபிதான் இருக்கும். எக்ஸ்டென்ஷன் எம்பி4 என்றே இருப்பதால் டிவியில் போட்டால் இதையும் வீடியோ என்று காட்டி, ஓடவில்லை என்று சொல்லும். அழிக்கலாம். விண்டோஸின் தம்ப்ஸ்.டிபியும் அப்படியே.

ஃபோனிலிருந்து எடுத்ததில் ஏஏஇ, ஜேசன்?

ஏஏஇ என்பது ஐஃபோனில் நீங்கள் செய்த திருத்தங்களின் குறிப்பு. விண்டோஸில் அதற்கு வேலை இல்லை. திருத்திய பிரதி பெயரில் கூடுதலாக ஒரு 'இ' சேர்ந்து தனியாக இருக்கும், அது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜேசன் அப்படியில்லை. கூகுள் ஃபோட்டோஸிலிருந்து டேக்அவுட் வழியாக மொத்தமாக இறக்கும்போது, எடுத்த நேரமும் இடமும் நீங்கள் எழுதிய குறிப்பும் இந்த ஜேசன் ஃபைலில் வரும். இதை அழித்துவிட்டால் பல வருட வீடியோக்கள் இறக்கிய தேதியிலேயே வந்து குவியலாம். எக்ஸிஃப்டூல் போன்ற கருவியால் இந்த விவரங்களை வீடியோவுக்குள் எழுதும்வரை விடாதீர்கள்.

எடிட்டிங் முடிந்த பிறகு பெக், சிஎஃப்ஏ, எஸ்எஃப்கே என்று நிறைய சேர்ந்திருக்கின்றன.

ஒலி அலை வரைபடமும் தற்காலிகப் பிரதிகளும். அழித்தால் புரோகிராம் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். எக்ஸ்எம்பி மட்டும் வேறு; நீங்கள் போட்ட குறிகளும் மதிப்பீடுகளும் அதில் இருக்கலாம்.

எஸ்எஃப்வி, பார்2, ஆர்00?

எஸ்எஃப்வியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண், பிழையின்றி வந்ததா என்று பார்க்க. பார்2 கெட்ட பகுதியைச் சரிசெய்யவும் உதவும். ஆர்00, ஆர்01 என்பவை ஒரே ரார் ஃபைலின் துண்டுகள்; ரார் என்று முடிவதைத் திறந்தால் மற்றவை தாமாக வரும், ஒன்று குறைந்தாலும் முழுதாக வராது.

எதைக் கண்டால் திறக்கவே கூடாது?

வீடியோவை எதிர்பார்த்த இடத்தில் இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், எல்என்கே என்று முடிவது எதையும். எக்ஸ்டென்ஷன் மறைந்திருக்கும் கம்ப்யூட்டரில் 'கல்யாணம்.எம்பி4.இஎக்ஸ்இ' என்பது 'கல்யாணம்.எம்பி4' என்றே தெரியும், ஐகானும் வீடியோவுடையதாகவே இருக்கும். ஃபைலின் வகை என்ற பத்தியில் அப்ளிகேஷன் என்று போட்டிருந்தால் அது வீடியோ இல்லை. திறக்கும்போது "கோடெக் (வீடியோவை ஓட்ட உதவும் மென்பொருள்) இறக்குங்கள்" என்று ஏதோ ஓர் இணையதளத்துக்கு அனுப்பினாலும் மூடிவிடுங்கள். நல்ல வீடியோ என்றால் விஎல்சி பெரும்பாலும் எதையும் கேட்காமல் ஓட்டிவிடும்.

எல்லா ஃபைல்களின் பெயருக்குப் பின்னாலும் திடீரென்று ஒரே புது எக்ஸ்டென்ஷன் ஒட்டியிருந்தால் அது ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தாக்குதலாக இருக்கலாம். உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பேக்கப் டிஸ்க்கை அந்தக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள்.

எங்கே தேடியும் என்னவென்று தெரியாத ஃபைலை எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே பாருங்கள். ஃபைலின் ஒரு காப்பியை நோட்பேட் போன்ற எடிட்டரில் திறந்து, முதல் வரியை மட்டும் கவனியுங்கள். மீதி எல்லாம் கிறுக்கலாகத் தெரியும், பரவாயில்லை. ஆங்கிலத்தில் 'எஃப்டிஒய்பி' என்ற நான்கு எழுத்து தொடக்கத்தில் தெரிந்தால் எம்பி4 குடும்பம். 'மட்ரோஸ்கா' என்ற சொல் தெரிந்தால் எம்கேவி. 'ரிஃப்' என்று தொடங்கினால் ஏவிஐ ஆக இருக்கலாம். 'ஜேஎஃப்ஐஎஃப்' என்றால் படம். 'பிகே' என்றால் ஜிப். முதல் இரண்டு எழுத்து 'எம்இசட்' என்றால் அது விண்டோஸ் புரோகிராம், பெயர் எதுவாக இருந்தாலும் திறக்காதீர்கள். சேமிக்காமல் மூடுங்கள்.

வீடியோவாக இருக்கும் என்று தோன்றினால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் போடுங்கள். எக்ஸ்டென்ஷனை நம்பாமல் உள்ளே படித்து, என்ன வகை, எத்தனை ஒலித்தடம், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடும்.

சிசிடிவியிலிருந்து கொடுத்த டிஏவி ஃபைல் ஓடவே இல்லை.

ரெக்கார்டர் நிறுவனங்கள் சொந்த வகையில் பதிவு செய்வதால் வரும் சிக்கல். கொடுக்கும்போதே அதற்கான பிளேயரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் எம்பி4 ஆகவும் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். புகாருக்கோ வழக்குக்கோ தேவைப்படும் பதிவு என்றால் மாற்றிய பிரதி மட்டும் இருந்தால் போதாது. முதலில் வந்த டிஏவியை எதுவும் செய்யாமல் அப்படியே தனியாக வைத்திருங்கள். ரெக்கார்டரில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும் என்பதால், வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள்.